ப்ரூஜா, கென்ட்டா? இரண்டு ராத்திரிக்கு எங்கே தங்குவது

ஜெர்மனியின் கொலோனில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயிலேறினால் இரண்டு மணி நேரத்துக்குள் பெல்ஜியத்தின் தலைநகரம் ப்ரஸ்ஸல்ஸ். அங்கே வண்டி மாறி மேற்கே அரை மணி நேரம் போனால் கென்ட். இறங்காமல் இன்னும் 25 நிமிடம் போல உட்கார்ந்திருந்தால் ப்ரூஜ். எங்கள் ஐந்தாவது கல்யாண நாள் ஒரு சனிக்கிழமையில் வந்தது. வெள்ளி ராத்திரி, சனி ராத்திரி தங்கிவிட்டு ஞாயிறு மாலை திரும்ப வேண்டும். இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊர்களில் எதில் தங்கினாலும் மற்றதைப் பகலில் போய்ப் பார்த்துவிடலாம். அதனால் எங்கே படுப்பது என்பது மட்டும்தான் பாக்கி. அதற்கே இரண்டு வாரம் விவாதம் ஓடியது.

நண்பர்கள் பெரும்பாலும் ஒரே யோசனையைச் சொன்னார்கள்: கென்ட்டில் தங்குங்கள், ப்ரூஜுக்கு ஒரு பகல் போய் வாருங்கள். கென்ட்டில் அறை அவ்வளவு விலை இல்லை, சாப்பாடு நன்றாக இருக்கும், ராத்திரியிலும் ஆள் நடமாட்டம் உண்டு, ப்ரூஜ் வெறும் டூரிஸ்ட் ஊர். எங்கள் வீட்டு எக்செல் தாளும் அதையேதான் சொன்னது. (என் வீட்டுக்காரருக்கு எதற்கும் ஓர் எக்செல் வேண்டும். கட்டில் வாங்கியதற்கும் இருக்கிறது.) நான் ஒத்துக்கொள்ளவில்லை. போய்வந்த பிறகு இன்னும் அழுத்தியே சொல்கிறேன்: முதல் தடவை போகிற ஜோடி ப்ரூஜில் தங்கிவிட்டு, சனிக்கிழமைப் பகலைக் கென்ட்டுக்குக் கொடுப்பதுதான் சரி. அவர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ப்ரஸ்ஸல்ஸிலேயே தங்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: கிராண்ட் ப்ளாஸ் சதுக்கத்தை ராத்திரி விளக்கில் ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அது தலைநகரம், இரண்டு நாளில் கைக்குள் அடங்காது. ஆண்ட்வெர்ப்புக்கும் அதே கதைதான். அவற்றை இதோடு விட்டுவிடுவோம்.

ப்ரூஜின் நாள் கடிகாரத்தைப் பொறுத்தது. காலை பத்து மணிக்கு மேல் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். பக்கத்தில் இருக்கும் ஸேப்ரூக் துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் நின்றால் அதிலிருந்தும் ஒரு கூட்டம். ரோஸென்ஹூட்காய் என்று ஒரு கால்வாய் முனை இருக்கிறது. ப்ரூஜ் என்று தேடினால் முதலில் வருகிற படம் அங்கே எடுத்ததாகத்தான் இருக்கும். மதியம் ஒரு மணிக்கு அங்கே கைப்பிடிச் சுவரில் சாய இடம் கிடைப்பது ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு நடப்பது மாதிரி. இதைப் பகலில் மட்டும் பார்த்துவிட்டு, "என்ன பெரிய ப்ரூஜ், சினிமா செட் மாதிரி இருக்கு" என்று சொல்கிறவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. அவர்கள் பார்த்த ப்ரூஜ் அப்படித்தான்.

மாலை ஆறு மணி வாக்கில் பஸ்கள் கிளம்பிவிடும். எட்டு மணிக்கெல்லாம் ஊர் அடங்கிவிடும். நாங்கள் வெள்ளிக்கிழமை போய்ச் சேரும்போது பதினொன்றாகிவிட்டது. ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிட நடை. கல் பாவிய தெருவில் டிராலிப் பெட்டியை இழுத்தால் கடகடவென்று ஒரு தெருவே எழுந்திருக்கும் போல இருந்தது. பத்தடி இழுத்தார், நின்றார், பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். மிச்ச தூரம் முழுக்க எங்கள் செருப்புச் சத்தம்தான். ஒரு பாலத்தில் பெட்டியை இறக்கி மூச்சு வாங்கும்போது கீழே தண்ணீரில் ஒரு வாத்து திரும்பிப் படுப்பது கேட்டது.

அந்த அமைதிக்குப் பின்னால் ஒரு பழைய நஷ்டக் கணக்கு இருக்கிறது. 1134-இல் அடித்த புயலில் கடல் உள்ளே புகுந்து ஸ்வின் என்ற ஓடை உருவானது. அந்த நீர்வழிதான் ப்ரூஜைப் பெரிய துறைமுகச் சந்தையாக்கியது. இத்தாலிய வணிகர்கள் வந்து குடியேறினார்கள், இங்கிலாந்துக் கம்பளி வந்து இறங்கியது. பங்குச்சந்தைக்கு பிரெஞ்சில் 'பூர்ஸ்' என்கிறார்களே, அந்தச் சொல்லே ப்ரூஜில் சத்திரம் நடத்திய வான் டெர் பூர்ஸ குடும்பத்தின் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். பிறகு ஸ்வின் மண் மூடிப் போக, 1500 வாக்கில் வணிகம் ஆண்ட்வெர்ப்புக்கு இடம் மாறிவிட்டது. இடித்துக் கட்ட ஊரில் காசு இல்லை. இடிக்காமல் விட்டதால் 2000-இல் யுனெஸ்கோ பழைய நகரம் முழுவதையும் பட்டியலில் சேர்த்தது.

கென்ட் அப்படி ஓய்ந்துபோகவில்லை. லீவன் பாவன்ஸ் என்ற கென்ட்காரர் 1800-ஐ ஒட்டிய வருடங்களில் இங்கிலாந்திலிருந்து நூற்பு இயந்திரத்தைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கடத்திக்கொண்டு வந்தார். அதிலிருந்து பஞ்சாலைகள் முளைத்தன. கோயம்புத்தூர்க்காரரான என் வீட்டுக்காரருக்கு ஊர் மேல் பாசம் வந்தது இந்தக் கதையைக் கேட்ட பிறகுதான். 1817-இல் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். இன்று தெருவில் பார்க்கிற முகங்களில் பாதி மாணவர்கள் என்று தோன்றும். ப்ரூஜில் பகல் கூட்டம் போனால் மிச்சம் இருப்பவர்கள் கொஞ்சம்தான். கென்ட்டில் டூரிஸ்ட் கூட்டம் வந்தாலும் ஊர்க்காரர்களின் கூட்டத்தில் கரைந்துவிடும். சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு நாங்கள் அங்கே இருந்தபோது நெரிசல் என்று முகம் சுளிக்கவே வேண்டியிருக்கவில்லை. பகலைக் கென்ட்டுக்குக் கொடுங்கள் என்று நான் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மீதிப் பாதி, சின்ட் பாஃப் தேவாலயத்தில் இருக்கிற பலிபீட ஓவியம். ஹியூபர்ட், யான் வான் ஐக் சகோதரர்கள் வரைந்து 1432-இல் முடித்தது. நேரம் குறித்து முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் மடிப்புக் கதவுகள் மாதிரி திறந்து நிற்கும். நடுவில் பீடத்தின் மேல் ஒரு ஆட்டுக்குட்டி. சில வருடங்களுக்கு முன்பு புதுப்பித்தபோது பிற்காலத்தில் யாரோ மேலே பூசிய முகத்தைச் சுரண்டி எடுக்க, அடியிலிருந்து பழைய முகம் வந்தது. இரண்டு கண்ணும் முன்னால் பார்க்கிற, கிட்டத்தட்ட மனித முகம். அது நேராக உங்களைத்தான் பார்க்கும். "எங்க கணக்கு வாத்தியார் இப்படித்தான் பார்ப்பார்" என்றார் இவர். சிரிப்பை அடக்க முடியாமல் நான் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றேன்.

கீழே இடது ஓரத்துப் பலகை மட்டும் நகல். அசலை 1934 ஏப்ரலில் ஒரு ராத்திரி யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதே வருடம் ஒரு பங்குத் தரகர் சாகும் தறுவாயில், அது இருக்கும் இடம் தனக்கு மட்டுமே தெரியும் என்று சொல்லிவிட்டு, இடத்தைச் சொல்லாமலே கண்ணை மூடிவிட்டார். இன்றுவரை கிடைக்கவில்லை. இந்த ஒரு கதையை வைத்தே நாங்கள் மதியச் சாப்பாடு முழுவதும் பேசிக்கொண்டிருந்தோம். அந்தத் தரகர் எங்கே ஒளித்திருப்பார் என்பதில் எங்களுக்குள் ஒற்றுமை இல்லை.

ப்ரூஜ் சும்மா விடுமா? அங்கே மாதா தேவாலயத்தில் மைக்கேலாஞ்சலோ செதுக்கிய மாதாவும் குழந்தையும் இருக்கிறது. அவர் உயிரோடு இருந்தபோதே இத்தாலியை விட்டு வெளியே போன சிற்பம், ப்ரூஜ் வணிகர்கள் வாங்கி வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் கென்ட் ஓவியத்தையும் இந்த மாதாவையும் எடுத்துப் போய் ஆஸ்திரியாவில் அல்டௌஸே என்ற ஊரின் உப்புச் சுரங்கத்தில் பதுக்கினார்கள். 1945-இல் இரண்டும் ஒரே சுரங்கத்திலிருந்துதான் திரும்பி வந்தன.

இங்கேதான் வார இறுதிப் பயணிகள் ஏமாறுகிற ஒரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வழிபாடு நடப்பதால் இரண்டு தேவாலயங்களிலுமே பார்வையாளர்களை மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள். ஆகவே சனிக்கிழமை கென்ட் ஓவியம், ஞாயிறு மதியம் ப்ரூஜ் மாதா என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும். கென்ட்டில் தங்கி ஞாயிறு காலை ப்ரூஜுக்கு வருபவர்கள், சரியாகக் கூட்டம் சேர்கிற நேரத்தில் வந்து, பூட்டிய கதவு முன்னால் நிற்பார்கள். எக்செலில் இந்த வரி இல்லை. நான்தான் கண்டுபிடித்தேன் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

மணிக்கோபுரம் இரண்டு ஊரிலும் உண்டு. ப்ரூஜில் 83 மீட்டர், 366 படி, போகப் போகக் குறுகும். கென்ட்டில் 91 மீட்டர், பெரும்பகுதிக்கு லிஃப்ட் இருக்கிறது. முட்டி வலி உள்ளவர்கள் யோசிக்காமல் கென்ட்டைத் தேர்ந்தெடுக்கலாம். உண்மையைச் சொன்னால் ப்ரூஜ் கோபுரத்தில் ஏறுவதைவிட, மாலையில் கீழே சதுக்கத்தில் உட்கார்ந்து மேலே இருக்கிற 47 மணிகளின் இசையைக் கேட்பதுதான் எனக்குப் பிடித்தது. செலவும் இல்லை.

கென்ட்டில் எனக்குப் பிடித்தது ஹ்ராவன்ஸ்டேன் கோட்டை. 1180-இல் கட்டியது, சுற்றிலும் அகழி, ஊருக்கு நட்டநடுவில் நிற்கிறது, வாசலில் டிராம் போகிறது. 1949 நவம்பரில் பியர் விலை ஏறியதைக் கண்டித்து நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் கோட்டைக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டு, மேலிருந்து போலீஸ் மீது அழுகிய பழங்களை எறிந்தார்களாம். ஐரோப்பாவில் எத்தனையோ கோட்டை முற்றுகை நடந்திருக்கிறது. இதற்குத்தான் என் முழு ஆதரவு.

சாப்பாட்டில் கென்ட் ஜெயித்துவிட்டது, மறுபேச்சே கிடையாது. இவர் சைவம். 2009-லிருந்து வியாழக்கிழமையைச் சைவ நாளாக அறிவித்த ஊர் கென்ட், அதன் பலன் மற்ற நாளிலும் தெரிகிறது. சாதாரணக் கடையின் மெனுவில்கூடச் சைவ உணவு ஒன்றுக்கு மூன்றாக இருந்தது. சாலட்டைக் காட்டிச் சமாளிக்கவில்லை. ப்ரூஜிலும் கிடைக்கும், தேட வேண்டும். முக்கியச் சதுக்கத்தில் ஒரு கடையில் உட்கார்ந்து, காளான் போட்ட ஏதோ ஒன்றும் ஒரு பாட்டில் தண்ணீரும் வாங்கினோம். பில் வந்தபோது தண்ணீர் விலையைப் பார்த்துவிட்டு, பாட்டிலில் மிச்சமிருந்ததைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் எழுந்தார். பெல்ஜியத்தில் குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொண்டுவந்து வைக்கும் பழக்கம் பரவலாக இல்லை என்பதை மனதில் வையுங்கள். சதுக்கத்தை ஒட்டிய கடைகளில் உட்காராதீர்கள், இரண்டு தெரு தள்ளிப் போங்கள்.

சைவக்காரர்களுக்கு இரண்டு ஊருக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று: ஃப்ரைஸ். மாட்டுக்கொழுப்பில் இரண்டு முறை பொரிப்பதுதான் இங்கே பழைய முறை. தாவர எண்ணெயில் போடுகிற கடைகளும் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். நான் எதையும் சாப்பிடுவேன் என்பதால் என்னைக் கேட்டால், கொழுப்பில் பொரித்ததன் மொறுமொறுப்பே தனி. இதை அவர் முன்னால் சொல்வதில்லை.

கென்ட் கடைவீதியில் தள்ளுவண்டியில் ஊதா நிறத்தில் கூம்பு மாதிரி ஒரு மிட்டாய் விற்பார்கள். குபெர்டான் என்று பெயர், ஊர்க்காரர்கள் 'மூக்கு' என்பார்கள். கடித்தால் வெளியே கெட்டியாகவும் உள்ளே ராஸ்பெரிப் பாகாகவும் இருக்கும். நாளானால் உள்ளே சர்க்கரை கட்டிவிடும். ஆபீஸுக்கு வாங்கிப் போக நினைப்பவர்கள் சாக்லேட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இப்போது அவர் தரப்பு. கென்ட்டின் ராத்திரி எங்களுக்கு அரைகுறையாகத்தான் கிடைத்தது, அது உண்மையான இழப்பு. க்ராஸ்லெய், கோரன்லெய் என்று ஆற்றின் இரு கரையிலும் பழைய வணிகர் வீடுகள். மாலை ஆனதும் மாணவர்கள் கால்களைத் தண்ணீர் மேல் தொங்கப் போட்டுக்கொண்டு கரை நெடுக உட்கார்ந்துவிடுவார்கள். எந்தக் கட்டடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழ வேண்டும் என்று நகராட்சியே திட்டம் போட்டு விளக்கு வைத்திருக்கிறது. மிக்கேல் பாலத்தில் நின்றால் மூன்று கோபுரங்கள் வரிசையாகப் பொன் நிறத்தில் தெரியும். எங்களுக்கு மகளாக இருக்கக்கூடிய வயதில் ஒரு பெண் கிதார் வாசித்தாள், நன்றாக வாசிக்கவில்லை, யாரும் கவலைப்படவும் இல்லை.

கோட்டைக்கு எதிரே சின்ட் வேர்ல சதுக்கம். அங்கே இருக்கிற தெருவிளக்குகளை ஊரின் பிரசவ வார்டோடு இணைத்திருக்கிறார்கள். கென்ட்டில் ஒரு குழந்தை பிறந்தால் அங்கே ஒரு பொத்தானை அழுத்துவார்களாம், இங்கே விளக்குகள் மெல்லக் கூடிக் குறையும். இதைக் கேட்டதும் இவர் நகர மறுத்துவிட்டார். இருபத்தைந்து நிமிடம் நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. "சனிக்கிழமை, டாக்டர் லீவா இருக்கும்" என்றேன். ப்ரூஜுக்குக் கடைசி ரயில் பற்றிய பயம் எனக்கு. அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். கென்ட்டில் அறை எடுத்திருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் நின்றிருக்கலாம் என்று அதற்கப்புறம் பலமுறை கேட்டாகிவிட்டது.

என் தரப்பு ஞாயிறு காலையில் திரும்பி வந்தது. ஏழு மணிக்கு எழுந்து பெகெய்ன்ஹாஃப் வரை நடந்தோம். 1245-இல் தொடங்கிய வளாகம். கன்னி மடமும் இல்லை, சாதாரணக் குடியிருப்பும் இல்லை. வாழ்நாள் சபதம் எடுக்காமல் பக்தியோடு தனித்து வாழ்ந்த பெண்களுக்கான இடம். வெள்ளையடித்த சின்ன வீடுகள், நடுவில் புல்வெளியும் உயர்ந்து சாய்ந்த மரங்களும். இப்போது பெனடிக்டைன் கன்னியாஸ்திரிகள் இருக்கிறார்கள். சத்தம் போடாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் அதற்கு வேலையே இல்லை. வெளியே பாலத்தின் பக்கத்தில் அன்னங்கள் கழுத்தை மடித்துச் சிறகுக்குள் வைத்துக்கொண்டு கரையிலேயே தூங்கின. எண்ணினோம், இருபதுக்கு மேல் எண்ணிக்கை தப்பிவிட்டது.

அன்னத்துக்கும் ஒரு கதை உண்டு. 1488-இல் ப்ரூஜ் மக்கள் அப்போதைய ஆட்சியாளர் மாக்ஸிமிலியனைச் சிறைப்பிடித்து, அவருடைய அதிகாரி பீட்டர் லாங்ஹால்ஸின் தலையை வெட்டினார்கள். லாங்ஹால்ஸ் என்றால் நீளக் கழுத்து. அதற்குத் தண்டனையாக, நீளக் கழுத்துப் பறவைகளை இந்த ஊர் என்றென்றைக்கும் வளர்க்க வேண்டும் என்று மாக்ஸிமிலியன் உத்தரவிட்டாராம். கதைதான், நம்ப வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கிற மின்னவாட்டரைக் 'காதல் ஏரி' என்று விற்கிறார்கள். ஒரு குளம், அவ்வளவே. ஒன்பது மணிக்கு முன்னால் அழகு, பதினோரு மணிக்கு செல்ஃபி ஸ்டிக். படகுச் சவாரியும் அப்படித்தான். அரை மணி நேரம் சுற்றிக் காட்டுவார்கள், முதல் படகில் ஏறினால் தண்ணீர் சலனமில்லாமல் இருக்கும். குளிர்காலத்தில் பெரும்பாலும் ஓடாது.

ப்ரூஜில் அறை எடுக்கும்போது சதுக்கத்தை ஒட்டிப் பார்க்க வேண்டாம். வடகிழக்கே சின்ட் அன்னா பகுதி அமைதியானது, அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் கால்வாய்க் கரைக் காற்றாலைகளுக்கு நடந்துவிடலாம். பழைய வீடுகளைத்தான் விடுதியாக்கியிருப்பார்கள். லிஃப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். எங்கள் அறை மூன்றாவது மாடி, மாடிப்படி ஏணிக்குத் தம்பி. சனிக்கிழமை வாடகை துள்ளிவிடும் என்பதும் நிஜம். கென்ட்டில் இந்தத் துள்ளல் குறைவு. அங்கே தங்குவதானால் பாட்டர்ஸ்ஹோல் சந்துகளை ஒட்டிப் பாருங்கள், ஓவர்பூர்ட் தெருப் பக்கம் வேண்டாம். அது மாணவர்களின் பார் வீதி, விடிய விடிய நடக்கும்.

காரில் வருகிறவர்கள் கவனம். கென்ட்டின் உள்வட்டச் சாலைக்குள் 2020-இல் மாசுக் கட்டுப்பாட்டு மண்டலம் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டு வண்டி என்றால் இப்போது என்ன விதி என்று கிளம்பும் முன்பே இணையத்தில் பார்த்துவிடுங்கள். ப்ரூஜில் ஸ்டேஷனை ஒட்டியே பெரிய கார் நிறுத்தம் இருக்கிறது. வண்டியை அங்கே போட்டுவிட்டு ஞாயிறு வரை மறந்துவிடலாம். பெல்ஜியத்துக்குள் ஓடும் ரயிலுக்கு முன்பதிவு தேவையில்லை, உள்ளூர் வண்டியில் இருக்கை எண் என்பதே கிடையாது.

சிலருக்கு நான் கென்ட்டையே சொல்வேன். எட்டு மணிக்கு ஊர் அடங்கினால் மூச்சு முட்டுகிறவர்கள், இருவருமே சைவம், ப்ரூஜை முன்பே பார்த்தவர்கள். ஜூலையில் பத்து நாள் கென்ட் திருவிழா நடக்கும்போது மட்டும் தூங்க நினைத்துப் போகாதீர்கள், அறையும் கிடைக்காது. நாங்கள் அடுத்த வருடம் கென்ட்டுக்குப் போகிறோம், அந்தச் சதுக்கத்தைப் பார்த்த மாதிரி ஜன்னல் உள்ள அறையாகத் தேடிக்கொண்டிருக்கிறார். எக்செலில் அதற்குப் புதிதாக ஒரு பத்தி சேர்ந்திருக்கிறது.